டாக்டருக்குப் படிக்க: ப்ளஸ் ஒன் சேர்க்கை முதல் பதிவு எண் வரை

வீட்டில் டாக்டர் யாரும் இல்லை, சொந்தத்திலும் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை எம்பிபிஎஸ் படிக்கப் போகிறேன் என்கிறது. அடுத்து யாரைக் கேட்பது என்று தெரியாமல் கோச்சிங் சென்டர் நோட்டீசையும் வாட்ஸ்அப் ஃபார்வர்டையும் நம்பிக்கொண்டிருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்து இங்கேயே மருத்துவம் சேர நினைப்பவர்கள்தான் என் மனத்தில் இருக்கிறார்கள். மற்ற மாநிலத்தவருக்கு நீட் வரை இது பொருந்தும், அப்புறம் கவுன்சலிங் விதிகள் மாறிவிடும்.

ப்ளஸ் டூவுக்குப் பிறகு நான்கரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவர் வேலை, ஆக ஐந்தரை ஆண்டு. இதில் நீங்கள் தாண்ட வேண்டிய ஒவ்வொரு வாசலிலும் வேறு வேறு ஆபீஸ் உட்கார்ந்திருக்கிறது. நீட் தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. இடம் ஒதுக்குவது டெல்லியில் எம்சிசி எனப்படும் மருத்துவக் கலந்தாய்வுக் குழு, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு. பட்டம் தருவது பெரும்பாலும் கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். தொழில் செய்ய அனுமதி தருவது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். இவை எல்லாவற்றுக்கும் மேலே விதி வகுப்பது, 2020இல் பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம். ஓர் ஆபீசில் கொடுத்த சான்றிதழ் இன்னோர் ஆபீசுக்குத் தானாகப் போய்ச் சேராது.

மதிப்பெண் குறைந்து சீட் போனால் அடுத்த வருடம் இன்னொரு முறை எழுதிப் பார்க்கலாம். மதிப்பெண் இருந்தும் ஒரு சான்றிதழ் இல்லாததால், ஒரு தேதியைக் கவனிக்காததால் சீட் போவதைத்தான் தாங்க முடியாது. எப்படிப் படிப்பது என்று சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கிறார்கள். அதனால் இதில் ஆபீஸ் காரியங்கள்தான் அதிகம் வரும்.

ப்ளஸ் ஒன் சேரும்போதே

இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்கிற குரூப்பை எடுங்கள். உயிரியலுக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாக இருந்தாலும் சரி. கணக்கு கட்டாயமில்லை. ஆனால் கணக்கோடு சேர்ந்த குரூப்பை எடுத்தால் மருத்துவம் கிடைக்காவிட்டாலும் பொறியியல் பக்கம் ஒரு கதவு திறந்திருக்கும். நீட் இயற்பியலில் திணறுபவர்களில் பலர் கணக்கை விட்டவர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தகுதிக்கு ப்ளஸ் டூவில் இந்த மூன்று பாடங்களும் சேர்ந்து பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் போதும். தமிழ்நாட்டில் 2017 முதல் மருத்துவ ரேங்கை நீட் மதிப்பெண் மட்டுமே முடிவு செய்கிறது. ப்ளஸ் டூவில் 590 எடுத்தாலும் 450 எடுத்தாலும் ரேங்க் பட்டியலில் வித்தியாசம் கிடையாது.

இந்த வருடத்திலேயே செய்ய வேண்டிய இன்னொரு வேலை, பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘மு. கவிதா’, ஆதாரில் ‘கவிதா முருகன்’, சாதிச் சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்து வேறு. நம் ஊர் இனிஷியல் பழக்கத்தால் இது பாதி வீடுகளில் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்பத் திருத்திவிடுங்கள். பிறந்த தேதியும் அப்படியே. மே மாதத்தில் ஆதார் மையத்தில் வரிசையில் நிற்பதைவிட, அதற்கு முந்தைய டிசம்பரில் போவது எவ்வளவோ மேல்.

சான்றிதழ்கள்: இதில் அவசரப்படாமல் உட்காருங்கள்

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ், தேவைப்பட்டால் இருப்பிடச் சான்றிதழ். எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் எனப் போய் வருபவை. ஒருவர் லீவில் இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். அதனால் நீட் எழுதிவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று இருக்காதீர்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை முழுக்கத் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவைப்படுவதில்லை, படித்ததற்கான பள்ளிச் சான்று போதும். அப்பா வேலைக்காக நடுவில் இரண்டு வருடம் பெங்களூரில் படித்திருந்தால் தேவை. அப்போது பெற்றோரின் ஆவணங்களையும் கேட்பார்கள். இரண்டு மாநிலங்களில் ‘நான் இந்த ஊர்க்காரன்’ என்று விண்ணப்பிப்பது விண்ணப்பத்தையே காலி செய்துவிடும்.

பலர் சறுக்கும் இடம் ஓபிசி சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பிசி அல்லது எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநில அரசின் இடங்களுக்கு மட்டும்தான் செல்லும். எம்சிசி நடத்தும் அகில இந்திய ஒதுக்கீட்டில் 27 சதவீத ஓபிசி இடங்களைக் கேட்க வேண்டுமானால், மத்திய அரசு வடிவத்தில் ‘கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதி படைத்த பிரிவில்) வரவில்லை’ என்று சொல்லும் தனிச் சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாத சாதிகளும் உண்டு. வருமான வரம்பு 8 லட்சம் என்று கேட்டவுடன் ‘அப்பா சம்பளம் அதைத் தாண்டிவிட்டது’ என்று பலர் கைவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோர் வகிக்கும் பதவியின் நிலையைத் தனியாகப் பார்ப்பார்கள். தாசில்தார் அலுவலகத்தில் விவரமாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்னொரு முக்கியமான காகிதம். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் வந்த சட்டப்படி 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் இதில் வருவார்கள். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. இது தெரியாமல் கடைசி நேரத்தில் மனம் உடைந்தவர்கள் நிறைய. எந்தெந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்க வேண்டும். மூன்று பள்ளிகளில் படித்திருந்தால் மூன்றிலும் வாங்க வேண்டும். இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும்கூட. கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

நீட்

விண்ணப்பம் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் திறக்கும். தேர்வு மே மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சேரும் ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பு இல்லை, எத்தனை முறை எழுதலாம் என்ற வரம்பும் இல்லை. 2025 முதல் பழைய முறைக்கே திரும்பிவிட்டது: 180 கேள்விகள், மூன்று மணி நேரம், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. பாதி மதிப்பெண் உயிரியலில்தான், அதிலும் மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தின் வரிகளிலிருந்தே நேராகக் கேட்பார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள் உயிரியலுக்கு மட்டுமாவது என்சிஇஆர்டியை வரி விடாமல் படித்துவிடுவது நல்லது.

தமிழில் எழுதலாம். தமிழ் வினாத்தாளைக் கேட்டால் ஆங்கிலமும் பக்கத்திலேயே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதே இறுதி. அதனால் தமிழ் வழி மாணவர்களும் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்துகொண்டு போக வேண்டும். தவிர, சேர்ந்தபின் வகுப்பும் புத்தகமும் தேர்வும் ஆங்கிலம்தான்.

விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் நிரப்பினாலும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். சென்டர்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டு, ஜூன் மாதம் ஓடிபி அவருக்குப் போய், அவர் ஊரில் இல்லாமல் திண்டாடியவர்கள் உண்டு. பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதுங்கள். விண்ணப்பத்தில் ஒட்டிய அதே புகைப்படத்தில் பத்துப் பிரதி எடுத்து வையுங்கள், கவுன்சலிங் வரை கேட்பார்கள். தேர்வன்று அரைக்கை உடையும் செருப்பும் போட்டுப் போங்கள், நகை வேண்டாம். சொன்ன நேரத்துக்குக் கதவை மூடிவிடுவார்கள், ஒரு நிமிடம் தாமதித்தாலும் உள்ளே விடுவதில்லை. முந்தைய நாளே மையத்தைப் போய்ப் பார்த்து வருவது எரிச்சலான வேலைதான், இருந்தாலும் போய் வாருங்கள்.

முடிவு வந்ததும் ‘பாஸ்’ என்பதைப் பார்த்து ஸ்வீட் வாங்க வேண்டாம். பொதுப் பிரிவில் 50ஆவது பெர்சன்டைல் (எழுதியவர்களில் பாதிப் பேரை முந்துவது), எஸ்சி, எஸ்டி, ஓபிசிக்கு 40ஆவது பெர்சன்டைல் என்பது கவுன்சலிங்குக்கு வரலாம் என்ற அனுமதி, அவ்வளவுதான். அரசுக் கல்லூரி இடம் அதற்கு வெகு மேலே முடிந்துவிடும். போன வருடம் எவ்வளவு மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது என்று கேட்பதும் ஏமாற்றும். 2024இல் மதிப்பெண்கள் வானத்துக்குப் போயின, 2025இல் இயற்பியல் கடினமாக வந்து தலைகீழாக இறங்கின. மதிப்பெண்ணை விடுங்கள், ரேங்கைப் பாருங்கள். தேர்வுக் குழு ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு சுற்றிலும் யாருக்கு எங்கே கிடைத்தது என்ற பட்டியலை வெளியிடுகிறது. உங்கள் பிரிவில் உங்கள் மாநில ரேங்கை ஒட்டி இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அதில் பார்த்தால் ஓரளவு தெளிவு வரும்.

திரும்ப எழுதுவதா என்பது ஒவ்வொரு வீட்டின் முடிவு. என் கருத்து, உயிரியல் நன்றாக வந்து இயற்பியலில் மட்டும் கோட்டை விட்டிருந்தால் ஒரு வருடம் கொடுக்கலாம். இரண்டு முறை எழுதியும் மதிப்பெண் நகரவில்லை என்றால் மூன்றாவது முறைக்குப் பணம் கட்டுவதற்கு முன் பிள்ளையிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பல் மருத்துவமும் சித்த மருத்துவமும் இதே நீட் வழியாகத்தான். நர்சிங், பார்மசி போன்றவை ப்ளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைக்கும். அவற்றைத் தோல்வியின் பட்டியலில் வைத்துப் பேசுவதுதான் பிள்ளைகளை முடக்குகிறது.

கவுன்சலிங்

இரண்டு கவுன்சலிங் ஒரே சமயத்தில் ஓடும். அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்கள், எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் எம்சிசியில் வரும். மீதி 85 சதவீத அரசு இடங்களும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடும் நிர்வாக ஒதுக்கீடும் கீழ்ப்பாக்கத்துக் குழுவிடம். இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீட் விண்ணப்பமே கவுன்சலிங் விண்ணப்பம் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மாநில இடங்களில் நம் 69 சதவீத இடஒதுக்கீடு: பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி-டிஎன்சி (சீர்மரபினர்) 20, எஸ்சி 15, அருந்ததியர் 3, எஸ்டி 1. மீதி 31 எல்லோருக்கும் பொது. மதிப்பெண் அதிகம் உள்ள பிசி மாணவர் இந்த 31இல் வந்துவிடுவார், அதனால் அவருடைய பிரிவில் ஓர் இடம் மிஞ்சும். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டில் உண்டு, மாநில இடங்களில் இல்லை.

கல்லூரி வரிசை போடும் நாள்தான் முக்கியமானது. ‘நமக்குக் கிடைக்காது’ என்று நினைக்கும் கல்லூரியையும், உண்மையில் பிடித்திருந்தால், மேலே போடுங்கள். அதனால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. கம்ப்யூட்டர் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்து முதலில் கிடைப்பதைக் கொடுக்கும். செய்யக்கூடாத தவறு வேறு: சேர மனமில்லாத, பணம் கட்ட முடியாத கல்லூரியை ‘சும்மா இருக்கட்டும்’ என்று பட்டியலில் வைப்பது. ஒதுக்கிவிட்டால் அப்புறம் அது உங்கள் தலைவலி. முதல் சுற்றில் கிடைத்துச் சேர்ந்தபின் அடுத்த சுற்றில் மேம்படுத்தக் கேட்கலாம். அப்போது கையில் இருப்பதைவிட நல்லது என்று நீங்கள் நினைப்பவற்றை மட்டும் போட வேண்டும். புதிது கிடைத்தவுடன் பழையது தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. எம்சிசியில் முதல் சுற்றில் சேராமல் விலகினால் நஷ்டமில்லை. இரண்டாவது சுற்றிலிருந்து கட்டிய முன்பணம் போகும், மூன்றாவது சுற்றில் பிடி இன்னும் இறுகும். இந்த விதிகளை ஒவ்வொரு ஆண்டும் சிறிது மாற்றுகிறார்கள், அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை முழுதாகப் படித்துவிடுங்கள்.

எந்தக் கல்லூரி? 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, மதுரை, கோவை என்று பழைய பெயர்களைத்தான் முதலில் எடுப்பார்கள். காரணம் இருக்கிறது. வார்டு நிறைய நோயாளிகள், எல்லாத் துறையிலும் ஆசிரியர்கள், மேற்படிப்பு மாணவர்கள். 2022 ஜனவரியில் திறந்த பதினொன்றில் ஒன்றான விருதுநகரோ ராமநாதபுரமோ கிடைத்தால் முகம் சுருங்க வேண்டாம். பட்டம் ஒன்றுதான், பல்கலைக்கழகமும் ஒன்றுதான். மாணவர் கூட்டம் குறைவு என்பதால் கையால் செய்து பழகும் வாய்ப்பு சில சமயம் அங்கேதான் அதிகம். நான் பார்க்கச் சொல்வது ஒரே விஷயம்: அந்த மருத்துவமனையின் ஓபிக்குக் காலை பத்து மணிக்குப் போய் நின்று பாருங்கள். கூட்டம் இருந்தால் நல்ல கல்லூரி. பளபளவென்ற கட்டடமும் காலியான நாற்காலிகளுமாக இருந்தால் யோசியுங்கள்.

பணம், புரோக்கர், வெளிநாடு

அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடியும். தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல். நிர்வாக ஒதுக்கீடு பன்னிரண்டு லட்சத்துக்கு மேல், நிகர்நிலையில் இருபது லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். இதோடு விடுதி, புத்தகம், அது இது என்று வேறு பெயர்களில் கேட்பார்கள். ஐந்தால் பெருக்கி, வட்டியும் சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நிலத்தை விற்று, கடனும் வாங்கிச் சேர்த்த பிள்ளை இருபத்தைந்து வயதில் மாதம் அறுபதாயிரம் சம்பளத்தில் டூட்டி டாக்டராக நிற்கும்போது அந்தக் கடன் எப்படி அடையும் என்பதை இன்றே யோசிக்க வேண்டும்.

நீட் முடிவு வந்த அன்று மாலையே போன் வரத் தொடங்கும். ‘சீட் பிளாக் பண்ணித் தர்றோம் சார், அட்வான்ஸ் மட்டும் போடுங்க.’ இன்று நிர்வாக இடமும் நிகர்நிலை இடமும் கவுன்சலிங் வழியாகத்தான் நிரம்புகின்றன. வெளியே யாரும் சீட்டைப் பிடித்து வைக்க முடியாது. போனை வைத்துவிட்டு எண்ணைத் தடை செய்யுங்கள்.

வெளிநாட்டுப் படிப்பு தனிக் கதை. ரஷ்யா, ஜார்ஜியா, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் என்று போகிறார்கள். அதற்கும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2021 நவம்பரில் வந்த விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழி, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, படித்த நாட்டிலேயே டாக்டராகத் தொழில் செய்யும் தகுதி இவையெல்லாம் வேண்டும். திரும்பி வந்து, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வில் 300க்கு 150 எடுத்து, இங்கே மறுபடி 12 மாதம் பயிற்சி. அந்தத் தேர்வு நடந்தபோது பல தடவை, எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. ஏஜென்ட் காட்டும் விடுதிப் படங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து வந்து இந்தத் தேர்வில் தேறிய இரண்டு பேரின் எண்ணைக் கேளுங்கள். தராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

உள்ளே போனபின்

முதலாண்டு உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். பள்ளியில் எப்போதும் முதலிடத்தில் இருந்த பிள்ளைகள் வாழ்க்கையில் முதல்முறையாக இன்டர்னல் தேர்வில் ஃபெயில் ஆவது இங்கேதான். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அழுகை நிற்கும். தமிழ் வழியில் வந்தவர்களுக்கு முதல் மூன்று மாதம் ஆங்கிலம் கண்ணைக் கட்டும். அதன்பின் சரியாகிவிடும், ஏனென்றால் லத்தீன், கிரேக்கப் பெயர்கள் கான்வென்ட் பிள்ளைகளுக்கும் புதிதுதான். உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்ஷன் ஹாலில் ஃபார்மலின் நெடி கண்ணில் நீர் வரவைக்கும். காலையில் சாப்பிடாமல் போகாதீர்கள், மயங்கி விழுபவர்கள் பெரும்பாலும் வெறும் வயிற்றுக்காரர்கள்.

முதலாண்டுத் தேர்வை நான்கு முறைக்குள் தாண்ட வேண்டும், பயிற்சி ஆண்டு நீங்கலாகப் படிப்பு மொத்தமும் ஒன்பது ஆண்டுக்குள் முடிய வேண்டும். இது 2023இல் வந்த விதி. வருகைப் பதிவு தியரிக்கு 75, செய்முறைக்கு 80 சதவீதம். வருகை குறைந்து தேர்வு எழுத முடியாமல் ஜூனியர் பேட்சோடு உட்கார்வதற்குக் காரணம் படிப்பு வராதது அல்ல, பெரும்பாலும் தனிமையும் தூக்கமின்மையும்தான். வீட்டிலிருந்து வாரம் ஒருமுறை ‘எவ்வளவு மார்க்’ என்று கேட்காமல் ஒரு போன் போடுங்கள்.

இரண்டாமாண்டில் நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல். வார்டு போஸ்டிங் தொடங்கும். அதற்கு முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுவிடுங்கள். தொடங்கி ஆறு மாதம் ஆகும் என்பதால் முதலாண்டிலேயே ஆரம்பிக்க வேண்டும். அடுத்து சமுதாய மருத்துவம், சட்டம் சார்ந்த மருத்துவம், கடைசியில் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் ஆகிய பெரிய பாடங்கள். இங்கேதான் கேஸ் எடுக்கப் பழகுவீர்கள். ‘நெஞ்சு கரிக்குது’, ‘மூச்சு வாங்குது’, ‘கிறுகிறுன்னு வருது’ என்று நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், எதற்குப் பிறகு என்று பிரித்துக் கேட்கத் தெரிந்தவருக்கு நோய் பாதி பிடிபட்டுவிடும். அரசுப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் மற்றவர்களை முந்துவதை இந்த இடத்தில் பார்க்கலாம். கட்டிலோரம் நின்று பேச அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பு முடிந்த மாலை நேரத்தில் கூட்டம் இல்லாத வார்டுக்குத் திரும்பப் போய் இரண்டு நோயாளிகளைப் பாருங்கள். இறுதித் தேர்வில் லாங் கேஸ் (ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்துச் சொல்வது) கைகொடுப்பது அந்த மாலைகளால்தான்.

ஹவுஸ் சர்ஜன் ஆண்டு

பயிற்சி மருத்துவருக்கு ஊரில் ஹவுஸ் சர்ஜன், காகிதத்தில் சிஆர்ஆர்ஐ என்று பெயர். இறுதித் தேர்வில் தேறியதும் முதலில் மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு. அதற்குப் பின்தான் வேலை தொடங்கும். 52 வாரங்களில் சமுதாய மருத்துவம் 12, மகப்பேறு 7, பொது மருத்துவம் 6, அறுவை 6, குழந்தை மருத்துவம் 3 என்று பிரித்திருப்பார்கள். மீதி வாரங்களில் மனநலம், மயக்கவியல், கண், எலும்பு, அவசரப் பிரிவு எல்லாம் வந்துவிடும். அரசுக் கல்லூரியில் மாதம் இருபதாயிரத்துக்கு மேல் உதவித்தொகை உண்டு.

ரத்தம் எடுப்பது, ஐவி லைன் போடுவது, லேபுக்கு ஓடுவது, ரிப்போர்ட் துரத்துவது, இரவெல்லாம் டூட்டி. கசந்து போகும். மேற்படிப்புத் தேர்வுக்குப் படிக்க வேண்டுமென்று டூட்டியை ஆள் மாற்றிவிட்டுப் போகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தையல் போடவும், பிரசவம் பார்க்கவும், மாரடைப்பு ஈசிஜியைப் பார்த்தவுடன் அடையாளம் காணவும், பக்கத்தில் சீனியர் நிற்கும் தைரியத்தில் கற்றுக்கொள்ள வாழ்க்கையில் கிடைக்கும் ஒரே ஆண்டு இது. அடுத்த ஆண்டு இரவு இரண்டு மணிக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

ஊசி குத்திக்கொண்டால் மறைக்காதீர்கள். சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே அவசரப் பிரிவில் அல்லது எச்ஐவி சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்தில் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பின் பயனில்லை. ஒவ்வொரு போஸ்டிங் முடியும்போதும் லாக்புக்கில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாற்றலாகிப் போன யூனிட் சீஃபைத் தேடி மாவட்டம் மாவட்டமாக அலைவது வேண்டாத வேலை.

பதிவு எண்

பட்டம் வாங்கினால் மட்டும் தொழில் செய்ய முடியாது. பயிற்சி முடித்த சான்றோடு சென்னை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவு செய்தபின்தான் தனியாக மருந்து எழுதலாம். பதிவில்லாமல் தொழில் செய்தால், தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இடையில் ‘பதிவு வந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் பதிவு எண் இருக்க வேண்டும். சொந்தமாக கிளினிக் வைத்தால் மாநிலத்தின் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி அதற்கும் தனிப் பதிவு வேண்டும், மருத்துவக் கழிவை எடுத்துப் போகும் ஒப்பந்தமும் வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போனால் இங்கே தடையில்லாச் சான்று வாங்கி அங்கே பதிய வேண்டும். நெக்ஸ்ட் என்ற பொது வெளியேறும் தேர்வு ஒன்று சட்டத்தில் இருக்கிறது, பலமுறை தள்ளிப்போயிருக்கிறது. இப்போது சேர்பவர்கள் அது வரலாம் என்று எண்ணியே படிப்பது பாதுகாப்பு.

எம்பிபிஎஸ் முடித்த கையோடு

இன்று எல்லோரும் நேராக மேற்படிப்புத் தேர்வான நீட் பிஜிக்கு ஓடுகிறார்கள். 200 கேள்வி, 800 மதிப்பெண். எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற நிறுவனங்களுக்குத் தனியாக ஐஎன்ஐ-சிஇடி என்ற தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை. எம்டி, எம்எஸ் மூன்று ஆண்டு. ஒன்றிரண்டு ஆண்டு விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதற்கு மாற்றாகத் தமிழ்நாட்டில் இன்னொரு வழி இருக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் உதவி மருத்துவர் தேர்வை எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்வது. அதில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம், அதில் தேறாவிட்டால் மற்ற தாளைத் திருத்த மாட்டார்கள். குறிப்பிட்ட காலம் பணி செய்தபின் அரசு மருத்துவக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பணியிலுள்ள அரசு மருத்துவர்களுக்கென இருக்கும் 50 சதவீதத்தில் போட்டியிடலாம். அந்த வரிசைக்கும் நீட் பிஜி எழுதித்தான் ஆக வேண்டும், ஆனால் போட்டியாளர் குறைவு, சம்பளமும் வந்துகொண்டிருக்கும். கடனோடு படித்து முடித்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். வாரியத்தின் அறிவிப்பு ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் வருவதில்லை, அதனால் பதிவு எண் கைக்கு வந்த வாரத்திலிருந்தே அதன் இணையதளத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டிருங்கள்.